நூற்றிருபது லீட்டர் கடல்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மீன் வாங்கப் போனேன். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் கடிக்கிற நுளம்பின் புழு பெருகிவிட்டது, பத்துக் கப்பி மீன் வாங்கிவாருங்கள் என்று அதிபர் அனுப்பினார். தலவாக்கலையில் மீன் விற்கிறவர் ஸஜ்ஜாத் நானா ஒருவர்தான். கப்பி, தங்கமீன், சண்டை மீன், எல்லாம் நன்னீர்ச் சாதி. ஆனால் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் ஒரு தொட்டியில் செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள் நின்றன. கடல் மீன்கள். நாலாயிரம் அடி உயரத்தில்.

"இது என்ன விலை நானா?"

"அது விக்கிறத்துக்கு இல்ல டீச்சர்" என்றார். கப்பிகளைப் பையில் அள்ளிக்கொண்டே மீதியையும் சொன்னார்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. பதினொரு வருடமாக இங்கே விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்துக் கதைகளை எழுத எனக்கு என்ன உரிமை என்று கேட்கிறவர்கள் உண்டு. நானும் கேட்டுக்கொண்டேன். பதில் கிடைக்கவில்லை. எழுதத் தொடங்கிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "மலைகளுக்குக் கடலைத் தெரியாது, ஆனாலும் பனி மூட்டம் இறங்குகையில் அவை அலைகளைப் போல—"

அடித்துவிட்டேன். மலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது லோஜினிக்கு.

இரண்டாவது தொடக்கம்: லோஜினி குவைத்துக்குப் போகும்போது மகள் ஆர்த்திகாவுக்கு மூன்று வயது. திரும்பி வந்தபோது பத்து. இடையில் பிள்ளையை வளர்த்தது அதே லயத்தில், ஒரே சுவருக்கு அப்பால் அடுத்த காம்பராவில் இருக்கும் அவள் அக்கா வேலாயி. கொழுந்து பறிக்கிறவள். (லோஜினிக்குக் கணவன் இருக்கிறான், கொழும்பில், வேறொருத்தியோடு. இந்தக் கதையில் அவனுக்கு ஓர் அடைப்புக்குறிக்கு மேல் இடமில்லை.)

குவைத்து வீட்டின் கூடத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு கடல் மீன் தொட்டி. அதைத் துடைப்பதும், உப்புக் கரைப்பதும், தீனி போடுவதும் லோஜினியின் வேலை. வீட்டுக்குப் பேசுவதற்கு அவளுக்கு விட்ட நேரம் அந்தத் தொட்டியைத் துடைக்கிற நேரம்தான். அதனால் ஏழு வருடமும் ஆர்த்திகா போனில் கண்டது அம்மாவின் முகம் கொஞ்சம், மீன் நிறைய.

"மீனக் காட்டு" என்பாள். லோஜினி போனைத் திருப்புவாள். அந்தப் பக்கம் பிள்ளை மீனோடு பேசும். பள்ளிக்கூடத்தில் யார் அடித்தது, யாருக்குப் பேன், எல்லாம் மீனிடம்தான். கையைக் கண்ணாடியில் வைத்தபடி லோஜினி கேட்டுக்கொண்டு நிற்பாள்.

இதுவரை சரி. இதை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வரவில்லை.

3

வந்து இறங்கிய அன்று வேலாயியின் முந்தானைக்குப் பின்னால் நின்றுகொண்டு ஆர்த்திகா சொன்னாள்:

"வாங்க. சாப்பிடுங்க."

தோட்டத்தில் எந்தப் பிள்ளையும் பெற்றவளை "வாங்க" என்று கூப்பிடாது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைச் சொல்லும். டீச்சரைச் சொல்லும். வேலாயி அதட்டினாள். "ஒன் அம்மாடி! வான்னு சொல்லு." பிள்ளை தலை குனிந்துகொண்டது. அதன் பிறகு எந்த முறை வைத்தும் கூப்பிடவில்லை. பேசவேண்டி வந்தால் மட்டும் "ங்க". இரவில் படுக்கை வேலாயி வீட்டில்.

ஒரு மாதம் கழிந்து, தானாகவே கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அந்த மீன் வரலீங்களா?"

மறுநாள் லோஜினி தலவாக்கலைக்கு பஸ் ஏறினாள்.

4

"கடல் மீனா? இந்தக் குளிர்லயா?" ஸஜ்ஜாத் நானா சிரித்தார். "மனுசனே விறச்சிப் போறான் தங்கச்சி. ரெண்டு தங்கமீன் கொண்டு போங்க, புள்ளைக்குப் போதும்."

"இல்ல நானா. எனக்கு எல்லாம் தெரியும். ஏழு வருசம் பாத்திருக்கேன். மொதல்ல தண்ணிய குளுமையா வைக்கிற மெசின் ஒண்ணு வேணும்."

"தலவாக்கலையில நிண்டுக்கிட்டு கூலர் கேக்கிறீங்களே தங்கச்சி!"

குவைத்தில் எதிரி வெயில். தண்ணீர் சூடேறாமல் காப்பதுதான் அவள் கற்ற வித்தை. இங்கே தலைகீழ். விடிகாலையில் காம்பராவுக்குள் பன்னிரண்டு, பதின்மூன்று பாகைதான் இருக்கும். அந்த மீனுக்கோ இருபத்தைந்து வேண்டும். அவள் படித்து வந்ததெல்லாம் வேறொரு ஊருக்கான பாடம்.

சிரித்த நானாவுக்கே பிறகு மனம் கேட்கவில்லை. நீர்கொழும்புக்குப் போன் போட்டுக் கேட்டுக் கேட்டு எழுதிவைத்தார். ஹீட்டர் ஒன்று போதாது, இரண்டு. ஒன்று நின்றால் மற்றது காக்கும். தண்ணீரை அசைக்க ஒரு மோட்டார். வடிகட்டி. ஓட்டை ஓட்டையான செயற்கைக் கல், அழுக்கைத் தின்னும் கிருமி குடியிருக்க. உப்பை அளக்க, மிதக்கிற மலிவுக் கருவி வேண்டாம், ஒரு சொட்டு விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிற குழல்தான் நம்பகம் என்று லோஜினி அடித்துச் சொன்னாள். அது மட்டும் குவைத்திலும் இங்கும் ஒன்று.

"தண்ணி?" என்றார் நானா.

"மலையில இருந்து வர்ற பீலித் தண்ணி இருக்கே."

"ஆகாது. தேயிலைக்குச் செம்பு மருந்து அடிக்கிற காலம். மழையில எல்லாம் பீலிக்குத்தான் வரும். கடல் உசிருக்குச் செம்பு நஞ்சு. நான் இங்க வடிச்சு வச்சித் தாறேன்."

(நானும் அந்தப் பீலித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். அதைப் பற்றி ஒரு பத்தி எழுதி, வேறு கதைக்கென்று எடுத்துவிட்டேன்.)

பத்து லீட்டர் கேன் ஒன்று, நாளுக்கு ஒரு முறை, பஸ்ஸில் மடியில் வைத்து வட்டகொடைப் பக்கம் இறங்கி, இடுப்பில் சுமந்து படியேறினாள். பன்னிரண்டு நாள். லயமே வேடிக்கை பார்த்தது. "குவைத்துக்காரி தண்ணி சொமக்கிறா" என்றார்கள்.

உப்புக் கரைத்து நிரப்பிய பிறகு, காத்திருக்கவேண்டும். தண்ணீர் பழுக்க வேண்டும். அழுக்கைச் சோதிக்கும் மருந்துச் சொட்டு பச்சையாக மாறினால் மீன் விடக்கூடாது, மஞ்சளாகவே நிற்கவேண்டும். ஐந்து வாரம் பச்சை.

ஆர்த்திகா வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். "தண்ணி மட்டுந்தாங்க இருக்கு."

"வரும். கொஞ்சம் பொறு கண்ணு."

பிள்ளை போய்விட்டது.

5

மீன் வந்தது. இதை நான் வேகமாகச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கதையில் இருக்கிற சந்தோஷம் இவ்வளவுதான்.

ஆர்த்திகா பள்ளிக்கூடப் பையைக் கழற்றாமலே தொட்டியின் முன் குந்தினாள். "ஏய், இங்க பாரு" என்றாள் மீனிடம். "இங்கடா. என்னையத் தெரியுதா?" லோஜினி அடுப்படியில் நின்று கேட்டாள். மீனுக்கு "பாரு". பாரு என்று ஒரு சொல் அந்த வீட்டுக்குள் வந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் தன் பக்கமும் திரும்பும் என்று நினைத்தாள். நாற்பது நாள் பிள்ளை தினமும் வந்தது. வீட்டுப்பாடம் அங்கே. தேங்காய் ரொட்டி அங்கே. பொழுது சாய்ந்தால் அடுத்த காம்பரா.

பிறகு மழை.

மூன்றாம் நாள் மத்தியானம் கரண்டு போனது, கூடவே போன் சிக்னலும். இரண்டு மணிக்குத் தோட்டச் சங்கத் தலைவரும் கிராம சேவகரும் வந்து, மேல் மலையில் வெடிப்புக் கண்டிருக்கிறது, எல்லோரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள் என்றார்கள். வேலாயி மூட்டை கட்டினாள். ஆர்த்திகா லோஜினியின் வாசலுக்கு வந்தாள்.

"நீங்க வரலீங்களா?"

இந்த இடத்தை ஒன்பது முறை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு பிரதியில் லோஜினி உடனே போகிறாள். ஒரு பிரதியில் வாளியில் மீனை அள்ளிக்கொண்டு போகிறாள். (ஏன் அப்படிச் செய்யவில்லை என்று நானாவிடம் கேட்டேன். "யோசன வந்திருக்காது டீச்சர். பயத்தில மனுசனுக்கு வாளி ஞாபகம் வராது.") ஒன்பதையும் கிழித்தேன். நடந்தது இது:

"மீனு செத்துரும் கண்ணு. பாத்துட்டு பின்னால வாரேன். நீ பெரியம்மாவோட போ."

அவள் அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்துப் போத்தல்களில் அடைத்துத் தொட்டியில் மிதக்கவிட்டாள். கம்பளியால் கண்ணாடியைச் சுற்றினாள். காற்றுக்காகப் பிளாஸ்டிக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினாள். இந்த மீன் போனால் பிள்ளை போய்விடும் என்பதுதான் அவள் மனதில் இருந்தது. சாயங்காலம் லயத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் பாதையில் மண் சரிந்தது. அதற்குப் பிறகு நினைத்தாலும் போகமுடியாது.

மூன்று நாள்.

பள்ளிக்கூடத்தில் ஆர்த்திகாவுக்கு மறுநாளே காய்ச்சல். நூற்றுமூன்று. ட்ரக்டரில் லிந்துலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், வேலாயியின் மடியில் போட்டு. லோஜினிக்கு அது நான்காம் நாள்தான் தெரியும்.

லயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மீன்கள் இரண்டும் உயிரோடிருந்தன.

சனங்கள் திரும்பி வந்தார்கள். மெலிந்துபோய், கம்பளி போர்த்தி, வேலாயியின் கையைப் பிடித்து ஆர்த்திகா படியேறினாள். லோஜினி ஓடிப்போய் முன்னே நின்றாள். வாயில் வந்தது இதுதான்:

"மீனு பொழச்சிருச்சு கண்ணு. வந்து பாரேன்."

"சரிங்க" என்றாள் ஆர்த்திகா. அடுத்த காம்பராவுக்குள் போனாள். அதன் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை.

6

ஒரு முடிவு: மீன் செத்துப்போகிறது, தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். வாசகருக்குப் பிடிக்கும். ஆனால் மீன் சாகவில்லை.

இன்னொரு முடிவு: ஒரு நாள் சுவருக்கு அப்பாலிருந்து "அம்மா" என்று— வேண்டாம். லயத்துச் சுவர் கூரைவரை போவதில்லை; அங்கே பேசுவதெல்லாம் இங்கே கேட்கும். "அம்மா" என்று தினமும்தான் கேட்கிறது. அது வேலாயியைக் கூப்பிடுவது.

மீனை நானாவிடம் கொடுத்துவிட்டாள். திரும்பவும் வெளிநாட்டுக்கு எழுதிப்போட்டிருக்கிறாள் என்றார் நானா. எனக்கு நிம்மதி போய்விட்டது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்கே போனேன். பால் விடாத பிளேன்டி தந்தாள். தொட்டி இருந்த இடத்தில் சிமெந்துத் தரை வெளுத்திருந்தது.

"கதை எழுதுவீங்களாமே டீச்சர். நானா சொன்னாரு."

"எழுதலாமா? நீங்க வேண்டாமெண்டா எழுதமாட்டன்."

கோப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள், அடுத்த வீட்டுக்குக் கேட்காதபடி.

"எழுதுங்க. ஆனா ஒண்ணு டீச்சர். அந்த மூணு நாளு நான் ஸ்கூல்ல புள்ளகூட இருந்ததா எழுதுங்க."

7

சரி என்று சொல்லிவிட்டேன். கதைதானே, எழுதினால் ஆகிவிடும் என்று நினைத்தேன்.

"லோஜினி மீனை விட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கினாள். மண்டபத்தில் பாய் விரித்தாள். மறுநாள் ஆர்த்திகாவின் நெற்றி சுட்டது. லோஜினி அவளை"

இங்கே நின்றுவிட்டது. மடியில் போட்டாளா, தோளில் சாய்த்தாளா? காய்ச்சலில் அந்தப் பிள்ளை போர்வை கேட்கிறதா, உதறுகிறதா? கஞ்சி குடிக்குமா, கொத்தமல்லித் தண்ணீரா? தலையை வருடினால் பிடிக்குமா? இதில் ஒன்றைப் பிழையாக எழுதினாலும் அது வேறு யாரோ பிள்ளை.

லோஜினிக்குப் போன் எடுத்தேன். கேட்டேன்.

மூச்சுச் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு பிள்ளை சத்தமாகப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது.

"அது எங்க அக்காவத்தான் கேக்கணும் டீச்சர்" என்றாள். "கேட்டுச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றேன்.

வாக்கியம் அப்படியே கிடக்கிறது. என்னால் முடியவில்லை, நீங்கள் முடித்துவிடலாம், உங்களில் பலருக்குப் பிள்ளைகள் இருக்கும். ஆனால் முடிக்கிறவர்தான் அதை லோஜினிக்கு வாசித்துக் காட்டவும் வேண்டும்.