இருபத்தெட்டு சைஸ்

எங்கள் அலுவலகத்தில் கறுப்புத் திரை திறந்திருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அதனால் ராஜினாமா கடிதத்தையும், நிரல் எழுதும் அதே கறுப்பு எடிட்டரில்தான் மூன்று மாதமாக எழுதினேன், அழித்தேன், எழுதினேன். மிஞ்சியது நாலு வரி. எறும்பு மாதிரி எழுத்து. பின்னால் நின்றாலும் யாருக்கும் புரியாது.

வயது நாற்பதைத் தாண்டியதில் எனக்கே அந்த எழுத்து தெரியவில்லை. ஃபான்ட்டைப் பெரிதாக்க எடிட்டரின் செட்டிங்குகளை ஒரு மணி நேரம் குடைந்தேன். ஒன்றும் அசையவில்லை. பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, ஃபான்ட் சைஸ் எல்லாம் எடிட்டர் கையில இல்ல. எடிட்டர் ஓடுற இந்தக் கறுப்பு ஜன்னல் இருக்குல்ல, டெர்மினல், அதுலதான் மாத்தணும்.”

பதினொரு வருடம் இங்கே குப்பை கொட்டியும் இது தெரியவில்லை. யாரிடம் கேட்டால் காரியம் நடக்கும் என்று எனக்கு என்றைக்குத் தெரிந்திருக்கிறது? கடுப்பில் டெர்மினலில் எழுத்து சைஸைப் பத்திலிருந்து இருபத்தெட்டாக்கினேன்.

நாலு வரியும் திரை முழுக்க விரிந்தன. அந்த நேரம் பார்த்து மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். ‘என் வேலையை உங்கள் பெயரில் காட்டினீர்கள்’ என்ற வரி உட்பட, நிதானமாகப் படித்தார். நான் எழுதியதை அவர் முழுதாகப் படித்தது அதுதான் முதல் தடவை. ‘ஏன்’ என்று ஒரு வார்த்தை கேட்பார் என்று காத்திருந்தேன்.

“தேதி போடலையேம்மா,” என்றார். “போட்டு இன்னைக்கே அனுப்பிடுங்க.”