பதினாலாவது படியில் ஒரு கோடு

தையல்கடை வாசலில் அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். "அக்காவுக்கு எழுபத்தாறு வயசு, டாக்டர். ரெண்டு வாரம் படுத்து உடம்பு தேறட்டும், அப்புறம் கத்தி வைக்கலாம்" என்று தங்கை மன்றாடினாள்.

"படுக்கப் படுக்க உடம்பு தேறாதும்மா, கரைஞ்சுதான் போகும். நாளைக்குக் காலையில ஆபரேஷன்" என்றார் டாக்டர். மனுஷர் சொன்னபடியே செய்தார். அதற்கடுத்த நாளே வலி மருந்து கொடுத்து அக்காவை எழுப்பி நிற்க வைத்துவிட்டாள் பிசியோதெரபிஸ்ட். இவளுக்கு ஈவு இரக்கமே இல்லையா என்று தங்கை பொருமினாள்.

வெளியூரிலிருந்து வந்த அக்காவின் மகன் தங்கையைத் தனியாக அழைத்தான். "சித்தி, உங்க வீடு மாடியில இருக்கு. பதினாலு படி. அம்மாவால ஏற முடிஞ்சா இங்கேயே இருக்கட்டும். முடியலேன்னா நான் கூட்டிட்டுப் போயிடறேன்."

நியாயமான பேச்சுதான். ஆனால் ஒருத்தி வெட்ட, ஒருத்தி தைக்க, நாற்பது வருஷம் சண்டை போட்டே ஒன்றாக வாழ்ந்தவர்களைப் பிரிக்கிற பேச்சு. தங்கைக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அக்கா அசரவில்லை. கடையிலிருந்து டேப்பையும், துணியில் கோடு போடும் சாக்பீஸையும் கொண்டுவரச் சொன்னாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து வாக்கரைப் பிடித்து நடந்து, முடிகிற இடத்தில் தங்கையைத் தரையில் கோடு போடச் சொல்வாள். மறுநாள் அதைத் தாண்டியாக வேண்டும். என்ன பிடிவாதம், என்ன தைரியம்.

ஆறாம் நாள் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நடந்ததைத் தங்கையால் காணப் பொறுக்கவில்லை. மறுநாள் அக்கா கண் விழிப்பதற்குள் கோட்டை அழித்து, கட்டில் பக்கமாக இரண்டடி தள்ளிப் போட்டுவிட்டாள். அக்கா சுலபமாகத் தாண்டினாள். சந்தேகம் வந்து டேப்பைப் பிடிக்கச் சொன்னாள். அரை இஞ்ச் பிசகினாலே கண்டுபிடிக்கிறவளிடமா இந்த வேலை?

"நேத்து பதினெட்டு அடி. இன்னைக்குக் கோடு பதினாறுல இருக்கு. என்னடி பண்ணினே?"

தங்கை அழுதுவிட்டாள். "உனக்கு வலிக்குதேன்னுதான்க்கா."

"அளவைக் குறைச்சு வெட்டினா துணி பத்தாதுன்னு உனக்கு யாராவது சொல்லணுமா? இப்படியே குறைச்சுக் குறைச்சு என்னை அவன்கூட அனுப்பிடுவ போல."

அதன்பின் தங்கை கோட்டில் கை வைக்கவில்லை.

மூன்றாவது வாரம் வீட்டுக்கு வந்தார்கள். பிசியோதெரபிஸ்ட்டும் கூடவே வந்தாள். கார் கதவைத் திறந்து வைத்தபடியே மகன் கீழே நின்றான். "நல்ல காலை முதல்ல வைங்கம்மா" என்றாள் அந்தப் பெண். அக்கா கைப்பிடியைப் பற்றி ஏறினாள். எட்டாவது படியில் முழங்கால் நடுங்கியது. தங்கையின் கை தானாக நீண்டது.

"சறுக்கினா நான் பிடிச்சுக்குவேன். நீங்க கையை எடுங்க" என்றாள் பிசியோதெரபிஸ்ட்.

தங்கை இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். அதைவிடக் கஷ்டமான வேலையை அவள் வாழ்நாளில் செய்ததில்லை.

ஒன்பது. பத்து. பன்னிரண்டில் ஒரு நிமிஷம் நின்றாள். பதினாலு.

கீழே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"கோடு போடுடி" என்றாள் அக்கா, மூச்சு வாங்க.

தங்கை குனிந்து, அக்காவின் கட்டைவிரலை ஒட்டி, ஒரு நூல்கூடக் குறையாமல் போட்டாள்.