ஒரு காய் நிற்க வேண்டும்

தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்பார்கள். என் தம்பி எதிர்ப்படையில் இருக்கிறான், அதுதான் சிக்கல். ஞாயிறு பின்னேரங்களில் பிரதீபன் தமிழ்நாட்டு அகதி முகாமில் நாடுகள் வரைந்த ஒரு மட்டையை விரிப்பான். இங்கே ஊரில், கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே, எங்கள் வீட்டு மேசையில் அதே மாதிரி ஒன்றை நான் விரிப்பேன். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டுச் சண்டையைத் தொடங்குவோம். எனக்குப் புளியங்கொட்டை, அவனுக்குச் சட்டைப் பொத்தான்.

நாங்கள் முகாமில் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது யாரோ கல்லூரி மாணவர்கள் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போன விளையாட்டு இது. தாயக்கட்டை உருட்டி அயல் நாட்டைத் தாக்கிப் பிடிக்க வேண்டும். விதி எழுதிய தாள் எப்போதோ அடுப்புக்குப் போய்விட்டது. அதனால் விதிகளில் பாதி நாங்களே அடிபட்டுச் செய்துகொண்டவை.

அன்று அவன் தோற்றுக்கொண்டிருந்தான். தோற்கிறவருக்கு மூன்று காய் கூடக் கொடுத்துப் படையைச் சமப்படுத்துவது எங்கள் வழக்கம். கொடுத்தேன். அதுவும் காணாதாம்.

"அக்கா, அந்த ஒரு காய் விதியை எடுத்திடுவமா?"

எதைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். படை முன்னேறும்போது பின்னால் ஒரு காயையாவது விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். காலியாக விட்ட நாடு யாருடையதும் அல்ல. வருகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம். விதி அப்பிடியே இருக்கட்டும்," என்றேன்.

"இல்லக்கா. தனியா நிக்கிற காய் தாக்கவும் ஏலாது, நகரவும் ஏலாது. சும்மா நிக்குது. பாவம்." அவன் பேச்சு பாதி எங்கள் தமிழ், பாதி அந்த ஊர்த் தமிழ்.

"காய்க்கென்னடா பாவம்? ஆள் நிண்டால்தான் நாடு. விட்டிட்டுப் போனால், பிறகு வந்து என்ரை எண்டு நெஞ்சிலை அடிச்சாலும் கிடையாது."

சத்தம் போட்டுவிட்டேன். எனக்கு எப்போதும் மூக்குக்கு மேலேதான் கோபம். இந்த விதி என்றால் இன்னும் கூடுதல். ஏனென்றால் ஊரில் சண்டை முடிந்தபின் முகாமில் எங்கள் குடும்பம் கூடிப் பேசியதும் இதைத்தான். காணியில் ஆள் இல்லாவிட்டால் பற்றைக்காடு மூடும், பிறகு யார் எல்லை போட்டாலும் கேட்க நாதி இருக்காது, ஒருவராவது முதலில் போய் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பாவுக்கு ஏலாது. தம்பி படித்துக்கொண்டிருந்தான். கல்யாணமாகாத மூத்தவள் நான் வந்தேன். மற்றவர்கள் பின்னால் வருவதாகப் பேச்சு.

அப்பாவும் அம்மாவும் அங்கேயே கண்ணை மூடினார்கள். தம்பி அங்கேயே கல்யாணம் கட்டினான். ஆனாலும் வருடா வருடம் "வாறம் அக்கா" என்பான். இந்த மே விடுமுறைக்குள் மகள் அனுஜாவைப் பள்ளிக்கூடம் மாற்றிக்கொண்டு வந்துவிடுவதாகச் சத்தியமே பண்ணியிருந்தான். நானும் நம்பி, பின்பக்கம் ஓர் அறை கட்டிச் சுண்ணாம்பும் அடித்துவிட்டேன். பைத்தியக்காரி மாதிரிப் பிள்ளை படிக்கச் சின்ன மேசை ஒன்றும் செய்வித்தேன்.

"சரி, உருட்டு," என்றேன்.

அவன் உருட்டவில்லை. தாயக்கட்டையை விரலுக்குள் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அக்கா, காலியா விட்டாலும் அது நம்மளதுதான் எண்டு வைப்பமே. ஒரு காயைத் தனிய விட்டு ஏன் வருத்தோணும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவன் விளையாட்டைப் பற்றிப் பேசவில்லை.

"நீ வரயில்லையோ?"

"நாங்க வரல அக்கா." தலை நிமிராமல் சொன்னான். "அனுஜாவுக்கு அங்க யாரையும் தெரியாது. எனக்கு இங்க பெயின்ற் வேலை நல்லாப் போகுது. நீங்கள் காணியை வித்துப்போட்டு இங்க வந்திடுங்கோ. தனிய இருந்தது போதும்."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். அது வரவில்லை. காய்ச்சலில் கிடந்து தண்ணீர் தர ஆளில்லாத நாட்களிலும், இவர்கள் வரும்வரைதானே என்று சொல்லித்தான் இந்த வீட்டில் விளக்கு வைத்தேன்.

"வந்து எங்கை இருக்கிறது?" என்று கேட்டேன். ஆசையாகத்தான் கேட்டேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால் அந்த ஒற்றை அறை தெரிந்தது. அலுமாரி, சுருட்டி வைத்த பாய்கள், மூலையில் சமைக்கும் மனைவி, நிலத்தில் குப்புறக் கிடந்து படிக்கும் அனுஜா. என்னை எங்கே வைப்பது என்று அவன் கண்கள் தேடின. இவ்வளவு நாளும் அதை அவன் யோசித்தே இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"பாப்பம் அக்கா. ஏதாவது செய்வம்."

அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கே இடம் இல்லை, பாவம்.

"இப்ப வர ஏலாது. வயலிலை நெல்லு நிக்குது, அருவி வெட்டு இருக்கு," என்றேன்.

அவன் முகம் தெளிந்துவிட்டது. "ஓ, அப்ப வெட்டு முடியட்டும், பிறகு யோசிப்பம்," என்று சொல்லித் தாயக்கட்டையை உருட்டினான்.

அருவி வெட்டு மாசியிலேயே முடிந்துவிட்டது. நெல் வீட்டுக்கு வந்து, வயலில் இப்போது ஊர் மாடுகள் மேய்கின்றன. அவனுக்கு அது தெரியாது. கைக்குழந்தையாகக் கடல் கடந்தவன், எப்படித் தெரியும்? எங்கள் வயலை எந்த மாதத்தில் வெட்டுவது என்று தெரிந்த ஆள் எங்கள் குடும்பத்தில் இனி நான் ஒருத்திதான்.