திரைக்குள் ஒரு தோள்

பிசியோதெரபி பிரிவில் எனக்குத் திரைக்குள் இடம் கொடுத்தார்கள்.

வலப்பக்கம் ஆண்கள். இடப்பக்கம் பெண்கள். நடுவில் பச்சைத் திரை. திருநங்கை வந்தால் திரையின் தடிமனுக்குள் ஸ்டூல் போட்டு உட்கார வைப்பது அங்கே வழக்கம். உட்கார்ந்தேன். ஒரு துணி மூக்கில் உரசியது, இன்னொன்று முதுகில். டெட்டால் வாடை.

என் வலது கை தோளுக்கு மேலே எழாது. நான் சித்தாள். சாந்துச் சட்டியைத் தலைக்கு ஏற்ற முடியாத சித்தாளுக்கு வேலை கிடையாது. மேஸ்திரி காசி என்னோடு ஆஸ்பத்திரிக்கே வந்திருந்தார். நிறைந்த சட்டியோடு ஆண்கள் பக்கம் நின்றார்.

"சாந்து இறுகறதுக்குள்ள கையத் தூக்கிடு மேகலா. இறுகிடுச்சுன்னா வேற ஆள வெச்சிக்குவேன்."

"இன்னும் யாரும் தொடவே இல்லண்ணே."

"அது எனக்குத் தெரியாது. சிமெண்டுக்கும் தெரியாது."

பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர் சுகந்தி மேடம். இடப்பக்கத்திலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"உனக்கு என்ன பிரச்சினை?"

"தோளுங்க மேடம்."

"ஆபரேஷன் ஆயிடுச்சா?"

"தோள்லயா?"

"இல்ல, பொதுவா."

"தோள்தாங்க வலிக்குது."

"ஹார்மோன் ஊசி போடுறியா?"

"சாந்துச் சட்டி தூக்குறேன்."

அவர் யோசித்தார். திரை நீண்டது. ஸ்டூல் என்னோடு சேர்ந்து வாசலை விட்டுத் தள்ளிப் போனது.

"பிரான்சிஸ், இந்தக் கேஸ நீங்க பாருங்க," என்றார் சுகந்தி.

பிரான்சிஸ் சார் ஆண்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். "புடவை கட்டியிருக்கு மேடம். நான் தொட்டா வம்பு."

"குரல் கட்டையா இருக்கே. நான் தொட்டா இங்க இருக்கிற லேடீஸ் என்ன நினைப்பாங்க?"

"நாங்க ஒண்ணும் நினைக்கலியே," என்றார் முழங்கால் வலிக்கு வந்திருந்த ஓர் அம்மா.

"நீங்க முட்டிய மடக்குங்க."

கடைசியில் ஆளுக்கு ஒரு கையை மட்டும் திரைக்குள் விடுவது என்று முடிவானது. உறை போட்ட இரண்டு கைகள் வந்தன. காற்றில் துழாவின. என் மூக்குக்கு முன்னால் சந்தித்துக்கொண்டன. பிரான்சிஸ் சாரின் கை சுகந்தி மேடத்தின் மணிக்கட்டைப் பிடித்தது. மெதுவாக உயர்த்தியது.

"ரொம்ப லேசா வருதே," என்றார் பிரான்சிஸ்.

"எனக்கும் நல்லா பிடி கிடைச்சிருக்கு."

"சார், நீங்க மேடம் கையப் பிடிச்சிருக்கீங்க," என்றேன்.

"பேசாத. மூச்ச இழுத்து விடு."

மேலே தூக்கினார்கள். சுற்றினார்கள். இறக்கினார்கள். கோணம் அளந்தார்கள். சொந்தக்காரர்கள் போலக் கை குலுக்கிக்கொண்டு பிரிந்தார்கள்.

"முழுசா தூக்குது. குணமாயிடுச்சு," என்றார் சுகந்தி.

காசி சட்டியைத் திரைக்குள் நீட்டினார். ஓரத்தில் சாந்து வெளுத்திருந்தது. "குணமாயிடுச்சாமே. கிளம்பு."

கையைத் தூக்கிப் பார்த்தேன். பழைய இடத்திலேயே நின்றது. உள்ளே யாரோ ஆணி அடித்து வைத்தது போல வலித்தது.

"மேடம், என் தோளைத் தொட்டுப் பாருங்க."

"அதான் தெரியல," என்றார் சுகந்தி. குரல் இறங்கியிருந்தது. "காலேஜ்ல ரெண்டு உடம்புதான் காட்டினாங்க. உங்களுக்குத் தோள் எங்க இருக்கும்னு யாரும் சொல்லித் தரல."

"கழுத்துக்குக் கீழதாங்க. கை ஆரம்பிக்கிற இடம்."

அவர் கை மறுபடி வந்தது. என் கொண்டையைத் தொட்டது. காதைத் தொட்டது. அஞ்சி அஞ்சி இறங்கித் தோளில் நின்றது. அழுத்தியது. நான் உதட்டைக் கடித்தேன்.

"பிரான்சிஸ்! இருக்கு! எல்லாருக்கும் இருக்கிற இடத்துலயே இருக்கு!"

"சும்மா சொல்லாதீங்க."

அவர் கையும் வந்தது. பின்னால் நோயாளிகளின் கைகள் வந்தன. மாவுக்கட்டுப் போட்ட கை, வளையல் கை, மல்லிகை வாசனையடிக்கும் கை. வார்டு ஆயாவின் ஈரக் கை. எல்லாம் என் தோளைத் தடவின.

"ஆமாப்பா, தோள்தான்."

"நம்மளுது மாதிரியே குழி கூட இருக்கு."

"நகருங்க, நான் இன்னும் பாக்கல."

"ஒரு போட்டோ எடுத்துக்கவா?"

"கையத் தூக்கி விடுங்க," என்றேன்.

"இவ்ளோ பேரு வந்து பாத்தோமே, அதுவே பெரிய விஷயம்," என்றார் பிரான்சிஸ். "சாப்பாட்டு நேரம் ஆயிடுச்சு."

கைகள் ஒவ்வொன்றாக வெளியே போயின. ஸ்டூல் இன்னும் உள்ளே நகர்ந்தது. காசியின் சட்டி மட்டும் கூடவே நகர்ந்தது. அவர் சாந்தை விரலால் தட்டினார். டொக் என்றது.

"நடுவுல இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு," என்றார். "சீக்கிரம்."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். இழுத்தேன். கை தோள் உயரம் வரை வந்தது. அதற்கு மேல் போக இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும்.

"யாராச்சும் இருக்கீங்களா?"

இரண்டு பக்கமும் டிபன் பாக்ஸ் திறக்கும் சத்தம் கேட்டது. நான் கையை இறக்கவில்லை.