லிட்டருக்கு எட்டு

இடது முட்டி விடியற்காலையிலிருந்தே விண்விண்ணென்று தெறித்தது. இருபத்தாறு வருஷம் லாரி கிளட்சை மிதித்த கால். லாரியை விட்டால் சரியாகும் என்று டாக்டர் சொன்னார் என்றுதான் தீர்த்தகிரி லாரியை விட்டார். விட்டு வாங்கிய இந்தக் காரின் கிளட்ச் லாரியைவிடக் கல்லாக இருந்தது. சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, டாக்ஸி ஸ்டாண்டின் கடைசி வேப்பமர நிழலில், கதவைத் திறந்து காலை வெளியே நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கார் என்றால் சாதாரணக் கார் இல்லை. ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டி, வெளிநாட்டுச் சரக்கு. ஒரு வீட்டுக் கூடத்தைத் தூக்கி நாலு சக்கரத்தின் மேல் வைத்த மாதிரி இருக்கும். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி வைத்திருந்த ஒருவர் பணம் கொழித்த காலத்தில் வாங்கியது. தொழில் படுத்ததும் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டார். தீர்த்தகிரி பெண்டாட்டியின் தோட்டை விற்று வாங்கி, மஞ்சள் போர்டு மாட்டினார். கல்யாண மாப்பிள்ளைகள் ஏறுவார்கள் என்று நினைப்பு. முதல் வருஷம் ஏழு மாப்பிள்ளைகள் ஏறினார்கள். அதோடு சரி.

"மாமா, உன்னக் கண்டா பெட்ரோல் பங்க்காரன் எந்திரிச்சு நின்னு கும்புடறானாமே? பொண்ணு கிண்ணு இருந்தாக் கேளு, குடுத்தாலும் குடுப்பான்" என்றான் பூபதி. சின்ன டீசல் கார் வைத்திருக்கிறவன். அயோத்தியாப்பட்டணத்தில் தீர்த்தகிரிக்கு அடுத்த தெரு.

"உன் வண்டிக்கு மூத்தர நாத்தம் போறதுக்கு ஊதுவத்தி வாங்கி வெய்யிடா மொதல்ல" என்றார் தீர்த்தகிரி.

மாப்பிள்ளைகள் போனபின் வண்டிக்குச் சோறு போட்டது வேறு விதமான ஆட்கள். முன் இருக்கையைச் சாய்த்தால் பின் இருக்கையோடு ஒட்டிப் படுக்கை ஆகிவிடும். ஆறடி ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இனி ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் கை விரித்த நோயாளிகளை மற்ற டாக்ஸிகள் ஏற்றாது. வழியில் மூச்சு நின்றால் வண்டிக்குத் தீட்டு, கல்யாண வாடகை வராது என்பார்கள். ஆம்புலன்ஸ்காரர்கள் கேட்கிற வாடகை எல்லாருக்கும் கட்டாது. அந்த ஜனங்களுக்குத் தீர்த்தகிரியின் வண்டி. அவர்களுக்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உயிரோடு வீடு போய்ச் சேர வேண்டும். வெளியே போன உயிரென்றால் உடம்பை நிலைவாசல் தாண்டி உள்ளே விடமாட்டார்கள்.

வாடகை தனி, பெட்ரோல் பார்ட்டியே போட்டுக்கொள்ள வேண்டும். அதுதான் ஸ்டாண்டு முறை. "மைலேஜ் எவ்வளவுங்க?" என்று கேட்காத பார்ட்டி கிடையாது. வண்டி கொடுப்பது அஞ்சு. அஞ்சு என்று சொன்னால் எவன் ஏறுவான்? தீர்த்தகிரி எட்டு என்பார். பாதி வழியில் ஒரு பங்க்கில் நிறுத்தி, "ட்ராபிக்ல குடிச்சிருச்சுங்க, இன்னும் ஒரு அஞ்சு லிட்டர் போட்டாத்தான் ஆவும்" என்பார். திட்டுவார்கள், போடுவார்கள். திட்டு வாங்குவதும் வாடகையில் சேர்த்திதான் என்று வைத்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி வாக்கில் அந்த அம்மா வந்தாள். சௌந்திரம் என்று பெயர். எருமப்பட்டிக்கு அப்பால் ஆறு கிலோமீட்டரில் ஒரு ஊர். புருஷன் சுப்பையன் கோழிப்பண்ணையில் முட்டை அட்டை ஏற்றுகிற ஆள். கல்லீரல் போய்விட்டது.

"ஏனுங்க, படுக்க வெச்சுக் கூட்டிப்போற வண்டி உங்களுதுங்களா?"

"ஆமாங்க. எந்த ஊரு?"

சொன்னாள். எழுபத்திரண்டு கிலோமீட்டர்.

"எத்தன குடுக்குமுங்க லிட்டருக்கு?"

"எட்டுங்க."

விரல்விட்டு எண்ணினாள். "ஒம்பது லிட்டரு. கூட ஒண்ணு இருக்கட்டும், பத்தாப் போட்டர்றனுங்க" என்றாள். பேரம் பேசவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து பங்க்கில் அவளே எண்ணிக் கொடுத்தாள். முடிச்சில் அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அவிழ்ந்த துணியை அப்படியே விட்டுவிட்டாள். வாடகையை ஊரில் மருமகன் கொடுப்பானாம்.

சுப்பையனை நாலு பேர் தூக்கிப் படுக்க வைத்தார்கள். வயிறு மட்டும் ஊதி, மற்றதெல்லாம் எலும்பாக இருந்தார். கண் திறந்து, "ஊட்டுக்கா?" என்றார்.

"ஊட்டுக்குத்தான் சாமி. பேசாம படுங்க."

ராசிபுரம் தாண்டும்வரை சௌந்திரம் பேசிக்கொண்டே வந்தாள். வீட்டைப் பற்றித்தான். ஒன்பது வருஷமாகக் கட்டிய வீடு. ஒரு வருஷம் அஸ்திவாரம், ரெண்டு வருஷம் சும்மா கிடந்தது, அப்புறம் சுவர். இந்தத் தையில்தான் பால் காய்ச்சினார்கள். மறு மாசமே மஞ்சள் காமாலை என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினவர்.

"நடு ஊட்டுல ஃபேன் மாட்டோணும்னாரு. மாட்டியாச்சு. அதுக்கடியில அவரு ஒரு மாசங்கூட முழுசாப் படுக்கலீங்க. பொண்ணு சத்யா ஊட்டக் கழுவிவிட்டு, கட்டலப் போட்டு வெச்சிருக்கறா. போன் பண்ணினா. பால் ஊத்தறதுக்குக் கிண்ணத்தோட நிக்கறாளாம்."

தீர்த்தகிரி ம் கொட்டினார். பெட்ரோல் முள் எப்போதோ செத்துப்போன வண்டி. டேங்கில் எவ்வளவு இருக்கிறதென்று மனக்கணக்குத்தான். பழையது மூன்று நாலு லிட்டர் கிடக்கலாம். அதோடு இந்தப் பத்து.

நாமக்கல்லுக்கு முன்னால் வழக்கமாக நிறுத்துகிற பங்க் வந்தது. கண்ணாடியில் பார்த்தார். அவள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள். அவிழ்ந்த முந்தானை காற்றில் படபடத்தது. இவளிடம் என்னத்தைக் கேட்பது? வண்டி பங்க்கைத் தாண்டிவிட்டது.

எருமப்பட்டியில் கடைசி பங்க். சுப்பையனின் மூச்சு இப்போது விட்டுவிட்டு, கரகரவென்று வந்தது. தீர்த்தகிரியின் சட்டைப் பையில் மூன்று நூறு ரூபாய் நோட்டும் ஒரு ஐம்பதும் இருந்தன. மூன்று லிட்டர் போடலாம். கால் பிரேக்குக்குப் போனது. பார்ட்டி வண்டிக்குச் சொந்தக் காசைப் போடுகிற டிரைவரை ஸ்டாண்டில் யாரும் மதிக்கமாட்டார்கள். ஒருநாள் போட்டால் தினமும் போடச் சொல்லும் என்று அவரே பூபதிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதோடு, சூட்டில் அணைத்தால் இந்த இன்ஜின் திரும்பப் பிடிக்கக் கால் மணி நேரம் ஆகும். இன்னும் ஆறே கிலோமீட்டர். இழுத்துக்கொண்டு போய்விடும்.

கால் ஆக்ஸிலேட்டருக்குத் திரும்பியது.

நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி ஒரு தடவை செருமியது. அப்புறம் ரெண்டு குலுக்கல். அப்புறம் சத்தமே இல்லை. ரோட்டின் இருபுறமும் சோளத்தட்டு அறுத்த வெறுங்காடு. எதிரே லேசான மேடு.

"ஏனுங்க, ஏன் நிறுத்தீட்டீங்க?"

"பெட்ரோல் தீந்துருச்சுங்க."

அவளுக்குப் புரியவில்லை. "பத்துப் போட்டமே" என்றாள். கோபமில்லாமல், பங்க்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்கிற மாதிரி.

மருமகன் குமரகுருவுக்குப் போன் போட்டாள். பாட்டிலில் பெட்ரோல் வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். பெட்டிக்கடையில் கிடைத்தால் பத்து நிமிஷம், இல்லாவிட்டால் இருபது என்றான். தீர்த்தகிரி நடு ரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். ஒரு வண்டி வரவில்லை. உள்ளே மூச்சின் கரகரப்பு மட்டும் கேட்டது.

"அந்த மேட்டுல ஏத்தீட்டா, அங்கிட்டு எறக்கந்தானுங்க. தானாவே ஊர் முக்குக்குப் போயிரும்" என்றாள் சௌந்திரம்.

தீர்த்தகிரி கதவைத் திறந்து, ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு தோளைக் கதவோரக் கம்பத்தில் கொடுத்துத் தள்ளினார். ரெண்டு டன் இரும்பு. முட்டிக்குள் எதுவோ நறுக்கென்றது. வண்டி ஒரு சாண் நகர்ந்து திரும்ப வந்தது.

அவள் புருஷனின் தலையைத் துண்டில் சரித்து வைத்தாள். "இருங்க சாமி, வந்தர்றேன், ஒரு நிமிசம்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். செருப்பை உதறி எறிந்துவிட்டு, வண்டியின் பின்னால் போய் இரண்டு கையையும் ஊன்றினாள். முட்டை அட்டை சுமந்த உடம்புதான் அவளுக்கும்.

தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது. "ஐலசா போடுங்க" என்று அவளே கத்தினாள். பத்தடி. சக்கரத்துக்குக் கல் கொடுத்து மூச்சு வாங்கிக்கொண்டார்கள். இன்னும் பத்தடி. வெயிலில் தார் இளகி அவள் பாதத்தில் ஒட்டியது. மேட்டின் தலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பத்து நிமிஷமோ என்னவோ. தீர்த்தகிரி கதவோரம் நின்றிருந்ததால் அவருக்குத்தான் முதலில் தெரிந்தது. உள்ளே சத்தம் இல்லை. எப்போது நின்றதென்று தெரியவில்லை. இன்ஜின் நின்றதைக் கேட்ட காதுக்கு இது கேட்கவில்லை.

"அம்மா" என்றார்.

"தள்ளுங்க, தள்ளுங்க. வந்துட்டம்."

"அம்மா, போதுமுங்க. வாங்க."

வந்து பார்த்தாள். மூக்கில் கை வைத்தாள், நெஞ்சில் காது வைத்தாள். அழவில்லை. "நான் பொறத்தால நின்னுட்டனே" என்றாள். "இத்தன நாளும் பக்கத்துலயே இருந்துபோட்டு, நான் இப்பப் பொறத்தால போயி நின்னுட்டனே."

குமரகுரு பைக்கில் வந்தபோது அவள் அவர் தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பாட்டிலைத் தீர்த்தகிரி கையில் திணித்துவிட்டு, ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்து, பைக்கைத் திருப்பிக்கொண்டு முன்னால் பறந்தான்.

வண்டி பிடிக்க நெடுநேரம் ஆனது. மேடேறி இறக்கத்தில் உருளும்போது சௌந்திரம் முன்பக்கம் குனிந்தாள்.

"சாமி, வாசல்ல வந்துதான் போச்சுன்னு சொல்லீருங்க. இத்தன நேரம் உசுரு இருந்துச்சுன்னு சொல்லீருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும். அவுரு உள்ளார ஒருக்காப் படுத்துக்கட்டும்."

"சொல்றனுங்க."

வாசலுக்கு வண்டி திரும்பியபோதே பெண்கள் மாரடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். புது வீட்டின் கதவு சாத்தியிருந்தது. கட்டிலை நடு வீட்டிலிருந்து எடுத்து, வெளியே வெயிலில் போட்டிருந்தார்கள். சத்யா கிண்ணத்தோடு சுவரில் சாய்ந்து நின்றாள்.

சுப்பையனின் அண்ணன் வண்டிக்கருகே வந்தார். "எங்க வெச்சப்பா போச்சு?"

"இப்பத்தாங்க. வாசல்ல திரும்பறப்ப. அதுவரைக்கும் இருந்துச்சுங்க."

கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கட்டுன தாடையோட வந்து எறங்குது. மாப்பளயும் வந்து சொல்லீட்டாரு. பொணத்து முன்னால பொய் சொல்லாத, போப்பா."

கட்டிலில் கிடத்தினார்கள். அவரே கட்டிய வீட்டின் கதவுக்கு நாலடி தள்ளி. சத்யா பாலை ஊற்றினாள். அது வாயோரமாக வழிந்து துண்டில் இறங்கியது.

குமரகுரு தீர்த்தகிரியை ரெண்டடி தள்ளிக் கூப்பிட்டான். "பத்து லிட்டரு எப்படிங்க பத்தாமப் போகும்?"

சௌந்திரமும் தலையைத் திருப்பினாள். தீர்த்தகிரிக்கு இன்னொரு பொய் வாயில் தயாராக இருந்தது. ட்ராபிக். வரவில்லை.

"வண்டி அஞ்சுதாங்க குடுக்கும். எட்டுன்னு பொய் சொல்லீட்டேன்."

குமரகுருவின் கை ஓங்கியது. அவள்தான் கை காட்டித் தடுத்தாள். கட்டிலோரம் உட்கார்ந்தபடியே, சத்தமில்லாமல் சொன்னாள்.

"அஞ்சுன்னே சொல்லியிருக்கலாமுங்களே. பங்க்கிலயே மூக்குத்தியக் கழட்டிக் குடுத்திருப்பனே நானு."

மூக்குத்தி அங்கேதான் இருந்தது. அவர் அதைக் காலையிலிருந்து பார்க்கவே இல்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வண்டியருகே நின்றார். குமரகுரு வந்து வாடகையை எண்ணி பானெட்டின் மேல் வைத்தான், அவர் கையைத் தொடாமல். "கணக்குத் தீந்துது. கெளம்புங்க" என்றான். தீர்த்தகிரி எடுத்துக்கொண்டார். திரும்பிப் போகப் பெட்ரோல் போட வேண்டும்.

கணக்குத் தீரவில்லை. சௌந்திரத்துக்குத் தீர்த்தகிரி இரண்டு கிலோமீட்டர் பாக்கி.