முகப்பில் இருந்த ஆண்டு

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் டையை ரென்ஸ்கே மறுபடியும் அவிழ்த்துக் கட்டினாள். முடிச்சு ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

“விடு. உயிரோட இருந்தப்பவும் கோணலாத்தான் கட்டுவாரு,” என்றாள் அம்மா.

நெதர்லாந்தின் க்ரோனிங்கன் நகரில் மழை தூறிக்கொண்டிருந்தது. அடக்கத்துக்கு வந்த ஆட்கள் பெட்டியின் மூடியைப் புத்தக அலமாரியில் சாய்த்துவிட்டுச் சமையலறையில் காபி குடித்தார்கள்.

அப்பா ஃபோல்கெர்ட் பள்ளியில் லத்தீன் ஆசிரியர். மீதி நேரமெல்லாம் பழைய தர்க்க நூல்கள்தான். ‘நிரூபணம்’ என்ற சொல்லுக்கு இன்றைய பொருளைத் தந்தவர் சில நூற்றாண்டுகளுக்கு முன் ஃப்ரானேக்கர் ஊரில் வாழ்ந்த, பேர் தெரியாத ஓர் ஆசிரியர் என்று எழுதினார். பாதி ஆயுளின் உழைப்பு அது. மகள் அதே காலத்து நூல்களை ஆயிரக்கணக்கில் கணினிக்குக் கொடுத்துத் தேடவைத்தாள். ஒரு தலைமுறை முந்திய நூலிலேயே அந்தப் பொருள் இருப்பதாகக் கணினி காட்டியது. அதை அவள் கட்டுரையாக எழுதினாள். அந்தக் கட்டுரைதான் அவளைப் பல்கலைக்கழக வேலைக்கு அருகில் கொண்டுபோனது. அப்பா கைகுலுக்கி வாழ்த்தினார். அதன் பிறகு அவர் எதுவும் எழுதவில்லை.

இந்த ஆண்டு வசந்தத்தில்தான் அந்த நூலை அவள் நேரில் கையிலெடுத்துப் பார்த்தாள். அந்தப் பகுதி மட்டும் வேறு தாள், வேறு எழுத்து. பிற்காலத்தில் யாரோ சேர்த்துத் தைத்தது. கணினியோ முகப்புப் பக்கத்திலிருந்த ஆண்டையே முழு நூலுக்கும் எடுத்துக்கொண்டிருந்தது. அப்பா எழுதியதே சரி. வேலை உறுதியானதும் சொல்லலாம் என்றிருந்தாள். உறுதியானது. அவர் உடம்பு தேறட்டும் என்றிருந்தாள்.

“அம்மா, என் கட்டுரை தப்பு,” என்றாள், டையிலிருந்து கண்ணெடுக்காமல். “அப்பா சொன்னதுதான் சரி.”

அம்மா அவர் தலையை வாரிக்கொண்டிருந்தாள். “அவருக்குத் தெரியும். போன வருஷமே லைடன் நூலகத்துக்குப் போயி அந்தப் புத்தகத்தப் பாத்துட்டு வந்தாரு.”

“ஏன் சொல்லல?”

“ஒனக்கு வேல நெலைக்கட்டும்னாரு. அப்புறம் நீயே வந்து சொல்லுவேன்னாரு.” சீப்பைத் துடைத்துப் பைக்குள் போட்டாள். “ஞாயித்துக்கெழம நீ வர்றப்பல்லாம் ரேடியோவ நிறுத்திருவாரு.”

ஆட்கள் வந்து மூடியைத் தூக்கிப் பொருத்தினார்கள். முதல் மரையாணிகளை அவர்களே முடுக்கினார்கள். கடைசியை, வழக்கப்படி, மகளிடம் விட்டார்கள். ரென்ஸ்கே திருகினாள்.

“போதும்மா, இறுகிருச்சு,” என்றார் அவர்களில் பெரியவர், தணிந்த குரலில்.

அவள் கை திருகிக்கொண்டே இருந்தது.