பின்சக்கரத்தடியில் ஈரம்

"காருக்கு ஒண்ணுக்கு வருமாப்பா?" என்று ஒருநாள் மகள் கேட்டாள்.

ஆறு வயதுக்காரி. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்து, அப்பா பத்து நாளுக்கு முன் வாங்கிய பழைய ஸ்போர்ட்ஸ் காரின் அடியில் விரித்திருந்த அட்டையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டதில் குறும்பில்லை, நிஜமான சந்தேகம்தான். சலவைக்கடை வைத்திருந்த அப்பாவுக்கோ சுள்ளென்று ஏறியது.

"போ உள்ள!"

அட்டையில் மூன்று நிறத்தில் கறை. பழுப்பாக என்ஜின் ஆயில், பச்சையாக ரேடியேட்டர் தண்ணீர், சிவப்பாக ஸ்டியரிங் ஆயில். ஊரார் துணியில் கறை எடுத்துப் பிழைக்கிறவரின் வாசலே கறையாகிக் கிடந்தது. பின்சக்கரத்தடியில் நிறமே இல்லாமல் கொஞ்சம் ஈரம். காலையில் வாசல் தெளித்த தண்ணீர் என்று அதை விட்டுவிட்டார்.

மனைவி கதவோரம் நின்று பார்த்தாள். "மருந்துக்கடைக்காரர்கிட்ட காரை வாங்கினா சொட்டு சொட்டாத்தாங்க குடுப்பார்."

சிரிப்பதற்காகச் சொன்னதுதான். ஆனால் இளைஞனாக இருந்தபோதிலிருந்து ஆசைப்பட்ட வண்டி. தான் முட்டாளில்லை, அந்த ஆள்தான் ஏமாற்றுக்காரன் என்று இன்றைக்கே ஊரறிய நிரூபிக்காவிட்டால் சோறு இறங்காது போலிருந்தது அவருக்கு.

"ஒரு சொட்டு ஒழுகாதுன்னு சொன்னான். இளிச்சவாயன்னு நெனைச்சுட்டான். அவன் கடை வாசல்லயே இதைத் தள்ளிட்டு வரேன்."

"போறதுன்னா போங்க. குழந்தைய எதுக்குத் தூக்கறீங்க?"

"அவன் மூஞ்சி எப்படிப் போகுதுன்னு அவளும் பார்க்கட்டும்!"

வழியில் இரண்டு திருப்பங்களில் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. கோபத்தில் இருக்கிறவர் எதையும் ஓங்கித்தானே மிதிப்பார்? வித்தியாசம் தெரியவில்லை. கோபக்காரனின் வண்டிக்கு முன்னால் தெருவைக் காலியாக வைப்பதும் கடவுளின் கருணைகளில் ஒன்று. அதைக் கருணை என்று அப்போது யாருக்கும் தெரிவதில்லை.

மருந்துக்கடையில் ஏழெட்டுப் பேர் சீட்டும் கையுமாக நின்றார்கள்.

"யோவ்!" என்று இறங்கும்போதே கத்தினார். "ஓட்டைக் காரை என் தலையில கட்டிட்டு வெள்ளைக் கோட்டு வேற மாட்டிக்கிட்டு நிக்கிறியா? மாத்திரையும் இப்படித்தான் போலியா விக்கிறியா?"

இரண்டு பேர் மெல்ல நழுவினார்கள். ஒரு வயதான அம்மா, வாங்கிய மாத்திரை அட்டைகளை மேசையிலேயே திருப்பி வைத்தார். மருந்துக்கடைக்காரரின் முகம் வெளுத்துப்போனது. வாயைத் திறந்தவர், காருக்குள் உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்த்ததும் வேறொன்றைக் கேட்டார்.

"பாப்பாவ இதுலயா கூட்டிட்டு வந்தீங்க? பிரேக் எப்படிப் பிடிக்குது சார்?"

"பேச்சை மாத்தாதய்யா!"

மருந்துக்கடைக்காரர் தெருவுக்கு வந்து, கோட்டோடு மல்லாந்து காருக்கடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது விரல் நனைந்திருந்தது. அதைச் சலவைக்கடைக்காரரின் கையில் தேய்த்தார்.

"தண்ணி இப்படி வழவழன்னா இருக்கும்? பிரேக் ஆயில் சார். விக்கறதுக்கு முன்னாடி நான்தான் புதுசு ஊத்தினேன். புதுசு நிறமில்லாமத்தான் இருக்கும். இன்னும் நாலு மிதி மிதிச்சிருந்தா நின்னிருக்காது."

சாவியை உருவிக்கொண்டு, குழந்தையைத் தூக்கிப் போய்க் கடை ஸ்டூலில் உட்கார வைத்தார்.

"வண்டி அடியெல்லாம் கழுவினீங்களா?"

"கழுவாம? அழுக்கு மூட்டையால்ல இருந்துச்சு! கறை மருந்து அடிச்சு, கடை மோட்டர் போட்டுப் பீச்சி..."

"துடைங்க, பீச்சாதீங்கன்னு சாவி குடுக்கும்போதே படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. இணைப்பெல்லாம் பழைய ரப்பர் சார். அந்தப் பிசுக்கைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஒழுகாம நின்னுது."

சலவைக்கடைக்காரருக்கு அது நினைவிருந்தது. 'கறையைப் பத்தி எனக்கா சொல்லித் தரான்' என்று மனதுக்குள் சிரித்ததும் நினைவிருந்தது. அத்தனை கோபமும் இப்போது போக இடமில்லாமல் அவர் மேலேயே திரும்பியது. மகளைப் பார்த்தார். இருமல் மிட்டாய் ஒன்றைச் சப்பிக்கொண்டு காலாட்டிக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்னோடதுதாங்க," என்றார் நின்றவர்களிடம். "அவர் பொய் சொல்லல. மாத்திரையும் நல்லதுதான்."

கத்தியபோது இருந்த குரலில் கால்வாசி கூட இல்லை. நழுவிப்போன இருவர் காதில் அது விழப்போவதுமில்லை. வயதான அம்மா மட்டும் அட்டைகளை மறுபடி எடுத்து, காலாவதித் தேதியை இரண்டு தடவை படித்துவிட்டுப் பையில் போட்டார்.

மெக்கானிக்குக்குப் போன் செய்துவிட்டு மருந்துக்கடைக்காரர் கோட்டைக் கழற்றினார். முதுகெல்லாம் ஆயிலும் தெருப்புழுதியும். சுருட்டி மேசைக்கடியில் எறிந்துவிட்டு, யாருக்கோ மருந்தெடுக்க உள்ளே போனார். சலவைக்கடைக்காரர் குனிந்து அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் விடிந்ததும், வேலையாட்கள் வருமுன், கடையில் தனியாக உட்கார்ந்து அந்தக் கோட்டைக் கையாலேயே மூன்று தடவை அலசினார். தோள்பட்டையில் தளர்ந்திருந்த தையலை இறுக்கினார். இஸ்திரி போட்டு மடிப்பு கலையாமல் கொண்டுபோய், இன்னும் திறக்காத மருந்துக்கடையின் பூட்டில் மாட்டினார். காலரை ஒருமுறை நேராக்கிவிட்டார். தெருவில் ஆளில்லை.